மேஜரின் தகப்பனுக்கு ஒரு செவ்வந்தி மாலை

வளைவில் திரும்பியதும் மேஜரின் வீட்டுப் புகைபோக்கி மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. அதுவரை நான் திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தேன். மானமுள்ள மனிதன் அப்படித்தான் நடப்பான் என்று ஒரு எண்ணம். ஆனால் மானமுள்ள மனிதன் கையில் அரைச் சட்டி கோழிக்கறியோடு நடக்கமாட்டான். சட்டியின் மூடி அடிக்கொரு தடவை கிலுங்கி, நான் போவதை வயல்களுக்கெல்லாம் அறிவித்தது.

நவம்பர் மாதம். மழை என்றும் சொல்லமுடியாத, பனி என்றும் சொல்லமுடியாத ஒன்று சரிவாக விழுந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்துக்கு வெளியே இருக்கும் அந்தப் பாதையில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடுவதில்லை. இரண்டு பக்கமும் சீனிக்கிழங்கு வயல். என் சப்பாத்து இரண்டும் தண்ணீர் குடித்திருந்தன. மேலே மட்டும் மேஜரின் பழைய ஓவர்கோட் இருந்தது. தோளில் அது எனக்கு ஒரு ஆள் பெரிது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கோட் தானாகக் கறிச்சட்டி தூக்கிப் போவதாகத் தெரிந்திருக்கும்.

நான் அன்று இழந்துவிட்டு வந்தது ஒரு அறை. குதிரை லாயத்துக்கு மேலே இருந்த சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு யன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தாழ்ப்பாள்தான்.

நாங்கள் ஹைம் என்று சொல்லும் அகதி விடுதியில் அறைக்கு ஆறு பேர் இருந்தோம். ஒரு காலத்தில் உல்லாசப் பயணிகள் தங்கிய கட்டடம். எங்களைக் கண்டபிறகு உல்லாசம் போய்விட்டது. ஒருவர் குறட்டை விடுவார், ஒருவர் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு படுப்பார், ஒருவர் தூக்கத்தில் தாயைக் கூப்பிடுவார். அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்று மற்ற ஐந்து பேரும் சாட்சி சொன்னார்கள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு யாருக்கும் கேட்காமல் கத்தவேண்டும் என்ற ஆசை அப்படி வந்ததுதான்.

என்னைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் பரீட்சையே வென்றது. பிறகு கொழும்பில் இடுப்பில் கட்டும் சாறம் விற்றேன், கப்பலொன்றில் துருச் சுரண்டினேன், ஒரு இடத்தில் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை. நாட்டில் அடி தொடங்கியதும் எல்லோரையும்போல கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்து, அகதி என்று கையெழுத்து வைத்தேன். எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி இல்லாத வேலைகள் இருந்தன. போருக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்ட பிரிட்டிஷ் படையின் மேஜர் ஒருவர் நகரத்துக்கு வெளியே பண்ணை வீடொன்றில் குடும்பத்தோடு இருந்தார். அவருடைய குதிரைகளுக்குக் கீழே கூட்டி அள்ளிக்கொண்டிருந்த எங்கள் பெடியன் ஒருவன் கனடாவுக்குப் போகும்போது, தன் சைக்கிளை ஒருவனுக்கும் அந்த வேலையை எனக்கும் விட்டுவிட்டுப் போனான். நான் சைக்கிளைத்தான் கேட்டிருந்தேன்.

எனக்குக் குதிரையைத் தெரியாது. எங்கள் கோயில் வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறிவரும் மரக்குதிரையைத் தெரியும். அது கடிக்காது. மேஜரின் குதிரை முதல் நாளே என் தோளைக் கடித்தது. மேஜர் ஓடிவந்து குதிரையின் வாயைத் திறந்து, பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ நலந்தானே?" என்றார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன். என் ஆங்கிலத்தையும் கொஞ்சம் கழுவித்தான் எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்தைப் பார்த்த முதல் வாரமே எனக்கு மனம் கரைந்துவிட்டது. மேஜரின் சுவெற்றரில் இரண்டு முழங்கையும் கிழிந்து வெளியே தெரிந்தன. சட்டைக் கழுத்து நைந்து நூல் நூலாக நின்றது. அவர் மனைவி, மேடம், நடுவில் ஊசி குத்திய பாவாடையோடு என்னோடு சேர்ந்து சாணம் அள்ளுவார். வீட்டுக்குள் வெளியைவிடக் குளிர். ஒரே ஒரு அறையில் நெருப்பு இருக்கும். அதற்கு முன்னால் உள்ள நல்ல கதிரைகளில் நாய்கள் இருக்கும், மனிதர்கள் ஓரமாக இருப்பார்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் எட்டு வயதிலேயே இங்கிலாந்தில் போர்டிங்கில் விட்டிருந்தார்கள். வீட்டில் வைத்துச் சோறுபோட வசதியில்லை என்று நான் முடிவுகட்டினேன். ஒக்டோபரில் மகன் விடுமுறைக்கு வந்தான். தகப்பனும் மகனும் வாசலில் கைகுலுக்கினார்கள். பிறகு இருவரும் குனிந்து நாயைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்கள்.

ஹைமில் என் மேல்கட்டிலில் படுத்த அண்ணை ஒருவர் இருந்தார். வடமராட்சிப் பக்கம் கடலுக்குப் போனவர். அவரிடம் சொன்னேன்.

"பாவம் அண்ணை. நொடிச்சுப்போன குடும்பம்."

"அப்ப உனக்குச் சம்பளம் தருகினமோ?"

"தருகினம். எனக்குத்தான் வாங்கக் கூச்சமாயிருக்கு."

"நீ கூச்சப்பட்டுக்கொண்டு வாங்கு. இஞ்ச அரிசி முடிஞ்சுபோச்சு."

அதன்பிறகு நான் மேடம் தரும் இரண்டாவது கோப்பை தேநீரை வேண்டாம் என்றேன். மதியம் சாப்பிடும் பாணை ஹைமிலிருந்து கொண்டுபோனேன். ஒருநாள் என் பாணில் பாதியை மேஜருக்கே நீட்டினேன். அவர் அதை வாங்கி, நின்றபடியே மரியாதையாகச் சாப்பிட்டு முடித்தார். அதைக் கண்டு எனக்கு இன்னும் பாவமாகிவிட்டது.

வீட்டின் கீழ்மாடியில் விருந்தினருக்கான கக்கூஸ் ஒன்று இருந்தது. அதைக் கழுவப் போனபோதுதான் படங்களைப் பார்த்தேன். நான்கு சுவரிலும் சட்டம்போட்ட படங்கள். ஒன்றில் கோபுரங்கள் வைத்த பெரிய கட்டடம், முன்னால் குளம். பக்கத்தில் இன்னொன்று: குதிரைமேல் நிமிர்ந்திருக்கும் ஒரு மனிதர். கறுப்பு வெள்ளைப் படம். மேஜரின் அதே மூக்கு.

மேஜர் அந்தப் பக்கம் வந்தபோது கேட்டேன். "சேர், இது ஆஸ்பத்திரியோ?"

"இல்லை. நான் பிறந்த வீடு. கூரை ஒழுகும். இப்போது என் அண்ணனுடையது."

"இவர்?"

"என் தகப்பன்," என்றார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். மேஜர் மனிதர்களைப் பற்றி ஒரு வசனத்துக்குமேல் பேசமாட்டார். குதிரையைப் பற்றியென்றால் மதியம்வரை பேசுவார்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். தகப்பன் உயிரோடிருக்கும்போது மகனுக்கு வீடு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வீடு அண்ணனுக்குப் போய்விட்டது, மேஜரும் தலையைக் குனிந்துகொண்டார். ஆகவே பெரியவர் செத்துப்போனார். ஒரு பிரபுவின் அரண்மனையும், வெறுங்கையோடு பட்டாளத்துக்குப் போன இளைய மகனும், கிழிந்த சுவெற்றரும் எல்லாம் எனக்கு ஒரே கோட்டில் வந்துவிட்டன. பரீட்சையில் எனக்கு ஒரு நாளும் இவ்வளவு வேகமாக விடை வந்ததில்லை.

ஆனால் செத்துப்போன தகப்பனின் படத்தைக் கக்கூசிலா மாட்டுவது? சாப்பாட்டு அறையில், நெருப்புக்கு மேலே, தங்கச் சட்டத்துக்குள் இருந்தது ஒரு நாயின் ஓவியம்.

"வெள்ளைக்காரன் அப்பிடித்தான்," என்றார் அண்ணை. "தகப்பனை வைக்க வேண்டிய இடத்தில நாயை வைப்பான். நீ உன்ர வேலையைப் பார்."

நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம்.

பிரிட்டிஷ் படை அதிகாரிகளுக்கு ஞாயிறு மதியம் கறியும் சோறும் சாப்பிடுவது ஒரு பழைய வழக்கம். யார் வீட்டில் என்பது முறைவைத்து மாறும். மேஜரின் முறை வந்தது. நான் சிலோன்காரன் என்பதால் சமைக்கத் தெரிந்திருக்கும் என்று மேடம் நினைத்தார். ஓம் என்றேன். ஊரில் நான் குசினிக்குள் போனது சாப்பிட மட்டும்தான். பிறகு மேடம் தானாகவே சொன்னார்: "லாயத்துக்கு மேலே உள்ள அறை சும்மா கிடக்கிறது. ஞாயிறு நல்லபடி முடிந்தால் நீ குளிர்காலம் முழுக்க அங்கே இருக்கலாமே." ஞாயிறு வருபவர்களில் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வரும் வயதானவர் என்றும், உறைப்பைக் குறைக்கும்படியும் சொன்னார்.

ஒரு கிழமை முழுக்க அண்ணை எனக்குக் கோழிக்கறி சொல்லித்தந்தார். வள்ளத்தில் சமைத்துப் பழகியவர், ஆடாத அடுப்பில் தனக்குச் சரிவராது என்று முறைப்பட்டுக்கொண்டே தந்தார். ஊரிலிருந்து வந்த கறித்தூளில் பாதியையும் தந்தார்.

"உறைப்பு குறைவாப் போடச் சொல்லினம் அண்ணை."

"இது குறைச்ச உறைப்புத்தான். கூட்டின உறைப்பு நீ தாங்கமாட்டாய்."

அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு அறை கிடைத்திருக்கும். ஆனால் சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் உள்ள பூக்கடையில் செவ்வந்தி மலிவாகக் கிடந்தது. அதைக் கண்டதும் கக்கூசில் தொங்கும் பெரியவர் ஞாபகம் வந்தார். விருந்துக்கு வருகிறவர்கள் எல்லாம் அங்கே போவார்கள். என்ன நினைப்பார்கள்? தகப்பனுக்குச் செய்யவேண்டியதை மகன் மறந்துபோனால் வீட்டில் வேலைசெய்பவன் செய்வதில் என்ன பிழை? மேடத்தின் கண் கலங்கும். அறை உறுதியாகும். இந்த ஒழுங்கில்தான் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. கண் கலங்குவது முதலிலும் அறை கடைசியிலுமாக இங்கே எழுதியிருக்கிறேன். அன்று யோசித்தது தலைகீழாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை மேஜர் விமான நிலையம் போனார். மேடம் உடுப்பு மாற்ற மேலே போனார். நான் நாயின் ஓவியத்தை இறக்கி, அந்த ஆணியில் பெரியவரை மாட்டினேன். கோத்துக்கொண்டு வந்த செவ்வந்தி மாலையைப் படத்துக்குப் போட்டேன். ஒரு உருளைக்கிழங்கில் ஊதுபத்தியைக் குத்தி முன்னால் கொளுத்தி வைத்தேன். நாயை எங்கே வைப்பது? கக்கூசில் ஒரு ஆணி காலியாக இருந்தது. அளவும் ஏறக்குறையச் சரியாக இருந்தது.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. மேஜரின் மேலதிகாரியான கேர்ணலும் மனைவியும் வந்தார்கள். பின்னால் மேஜரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலோடு, ஒரு மூக்கு வந்தது. நான் சோற்றுத் தட்டோடு நின்றேன். மூக்கைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் பேய்க்குச் சோறு பரிமாறியது அந்த ஒரு முறைதான்.

அவர்களுக்கு அது விளங்கவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மேடம்கூட, "எவ்வளவு அழகு," என்றார். கேர்ணல் இந்தியாவைத் தெரிந்தவர். அங்கே மதிப்புக்குரியவர்களுக்கு மாலை போடுவார்கள் என்று விளக்கினார். பெரியவர் தன் படத்துக்கு நேர் எதிரே, ஊதுபத்திப் புகைக்குள் உட்கார்ந்தார். அந்த அறையில் நடப்பது இன்னதென்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

பெரியவர் கறியை விரும்பிச் சாப்பிட்டார். நெற்றி வியர்த்தது. அப்படியே படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் என்னிடம் திரும்பினார்.

"மாலை விருந்தாளிக்கு என்கிறார் கேர்ணல். விருந்தாளி நான் இங்கே இருக்கிறேன். பிறகு ஏன் படத்துக்குப் போட்டாய், என் கழுத்துக்குப் போடாமல்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்ல நிறையச் சொற்கள் வேண்டும். என்னிடம் இருந்த ஆங்கிலம் உண்மைக்கு மட்டும்தான் போதும்.

"உயிரோடிருந்தால் கழுத்துக்கு, சேர். செத்தால் படத்துக்கு."

மேசையில் முள்ளும் கரண்டியும் நின்றன. பெரியவர் சிரித்தார். வாய் நிறையக் கறியோடு, தலையைப் பின்னால் சாய்த்து, அந்த உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எப்படி இருந்தது என்று வியக்கும்படி சிரித்தார். அதோடு புரையேறியது. அண்ணையின் தூள் எந்தக் குழாய்க்குள் போகக்கூடாதோ அதற்குள் போய்விட்டது. முகம் சிவந்து, பிறகு நீலமானது. மேஜர் கதிரையைத் தள்ளிவிட்டு முதுகில் அடித்தார். கேர்ணலின் மனைவி தண்ணீர் என்றார். மேடம் மாலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஊதுபத்தியை அணைக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

பெரியவருக்கு மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தனியாக இருக்கவேண்டும் என்று எழுந்து கீழ்மாடிக் கக்கூசுக்குப் போனார். உள்ளேயிருந்து மறுபடியும் சிரிப்புக் கேட்டது.

"நாயை இங்கே மாட்டியிருக்கிறான்," என்று அங்கிருந்தே கத்தினார்.

மேடத்தின் முகம் அப்போதுதான் மாறியது. மாமனாரைச் சாகடித்ததற்கு மாறாத முகம். ஓவியத்தில் உள்ள நாய் மேடத்தோடு கலியாணத்துக்கு முன்பிருந்தே இருந்தது. போன வருடம்தான் செத்தது. அந்த வீட்டில் மாலைக்கு உரிமை உள்ள ஒரே படத்தை நான் கக்கூசில் மாட்டியிருக்கிறேன்.

அவர்கள் ஏசமாட்டார்கள். ஏசினால் பதில் ஏச்சுப் பேசி, பிறகு சமாதானமாகலாம். மேடம் குசினிக்கு வந்து, "மிகவும் சுவாரசியமான நாள்," என்றார். "நீ களைத்திருப்பாய். நேரத்தோடு போ." சட்டியில் மிஞ்சிய கறியைத் தானே மூடித் தந்தார். அறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. மேஜர் வாசலில் வந்து தன் பழைய ஓவர்கோட்டை என் தோளில் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்து, "மோசமான காலநிலை," என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு, இனி வராதே என்று பொருள்.

அப்படித்தான் அந்தப் பாதையில் நடந்தேன். ஹைமுக்குப் போய்ச் சேர்ந்தபோது கறி ஆறியிருந்தது. அண்ணை அதைச் சுடவைத்துக்கொண்டே முழுக்கதையும் கேட்டார்.

"அப்ப அந்தாள் சாகேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"படத்தில நிக்கிறவனெல்லாம் செத்தவன் எண்டு நினைச்சால், உன்ர பாஸ்போட்டில இருக்கிறது ஆர்?"

ஐந்து பேரும் கறியைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்கள். உறைப்புக் குறைவு என்றும் ஒருவர் சொன்னார். நான் கட்டிலில் படுத்து, இல்லாத தாழ்ப்பாளை நினைத்தேன்.

மறுநாள் காலை ஹைமின் முற்றத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. பச்சைநிற ஜீப்பைக் கண்டதும் பொலிஸ் என்று நினைத்து எங்கள் அறையிலிருந்து இரண்டு பேர் பின் யன்னலால் குதித்தார்கள். காயப்போட்ட சாறங்களை விலக்கிக்கொண்டு, கிழிந்த முழங்கையோடு மேஜர் வந்தார். என் கட்டிலுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். மேஜர் மனிதர்களைப் பற்றி ஒரு வசனத்துக்குமேல் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

தகப்பன் குளிர்காலம் முழுக்கத் தங்களோடு இருக்கப் போகிறாராம். வீட்டை அண்ணன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் நாட்டுச் சட்டப்படி, கொடுத்தபிறகு இன்னும் சில வருடம் அவர் உயிரோடிருக்கவேண்டும். இல்லாவிட்டால் மரண வரியில் வீடு போய்விடும். அதனால் சாகக்கூடாது என்று அவருக்குக் குடும்பக் கட்டளை. படியேறவிடுவதில்லை, குதிரை ஏறவிடுவதில்லை, குடிக்கவிடுவதில்லை. கூட இருந்து பார்க்க வந்த தாதிகள் இரண்டு பேரை அவர் துரத்திவிட்டார். இப்போது, கூட ஒருவன் இருந்துதான் ஆகவேண்டுமென்றால் மாலை போட்டவன் இருக்கட்டும் என்கிறார்.

"என்னவாம்?" என்றார் அண்ணை மேல்கட்டிலிலிருந்து.

"தகப்பனைப் பாக்கச் சொல்லி வேலை தாறார்."

"நேற்றுத்தானேயடா அந்தாளைச் சாக்காட்டினனீ."

"இனிச் சாகாமல் பாக்கவேணுமாம்."

"அறை?"

அதைத்தான் நானும் கேட்டேன். அறை உண்டு என்றார் மேஜர். லாயத்துக்கு மேலே அல்ல, வீட்டுக்குள்ளேயே, பெரியவரின் அறைக்கு அடுத்தது. கட்டில், யன்னல், கதவு எல்லாம் உண்டு. ஒரு நிபந்தனை மட்டும். பெரியவர் இரவில் இருமினால் எனக்குக் கேட்கவேண்டும். ஆகவே கதவை எப்போதும் திறந்தே வைக்கவேண்டும்.

நான் ஓம் என்றேன். என் சாமான்கள் ஒரு பையில் அடங்கின. மதியத்துக்குமுன் பெரியவரின் அறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றேன். உள்ளே சத்தமில்லை. மூச்சுக் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன்.

"உள்ளே வா," என்றது குரல். "வெறுங்கையோடுதானே வருகிறாய்?"

பூ எதுவும் இல்லை, தேநீர் மட்டும்தான் என்றேன்.